வெல்காத்துக்கு ஒரு கை

மண்டைதீவில் மேரிசுகந்தியைத் தெரியாதவர்கள் ஒருசிலர் இருக்கலாம். அவளுடைய விரல்களைத் தெரியாதவர்கள் கரையில் இல்லை. விடிந்து வள்ளங்கள் வந்ததும், வலையில் சிக்கிக் கிடக்கும் நண்டுகளைக் கால் முறியாமல் கழட்டி எடுப்பது பெண்களின் வேலை. மற்றவர்கள் ஒரு நண்டோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் சுகந்தி இரண்டு மூன்றைக் கழட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஊர்ப்புதினத்தையும் பாதி கேட்டு முடித்திருப்பாள். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்த பிறகு, பின்னேரங்களில் அந்த விரல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவளுக்குக் கடவுள் ஒரு வழி காட்டினார். வேற்றுக்கிரகவாசிகளைச் சுடுகிற கேம்.

உண்மையில் வழி காட்டியது கடவுள் இல்லை, மச்சாள். சுகந்தியின் அண்ணன் இராசநாயகத்தின் மனைவி மேரிஜோசப்பின். முன்பள்ளி ஆசிரியை, இங்கிலீசு வாசிப்பவள். ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் அந்தக் கேமைத் தன் போனில் இறக்கி, சுகந்தியின் போனிலும் ஏற்றிவிட்டாள். அதன் இங்கிலீசுப் பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் இருவரும் அதைக் 'கப்பல் சண்டை' என்று அழைத்தார்கள். இரண்டு பேரும் இரண்டு வீட்டில் இருந்தபடி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கதைத்துக்கதைத்து விளையாடலாம். திரையில் ஓடும் வசனத்தை மச்சாள் தமிழில் சொல்லுவாள். சுடுவது சுகந்தி. மச்சாள் சுட்டால் அது சுவரில்தான் படும்.

"உமக்கு விசரே? சொதியில உப்பில்லை. நீர் உதில கப்பல் ஓட்டிக்கொண்டு இருக்கிறீர்" என்பார் புருஷன் ஜெனிஸ்ரன். அவர் கரையிலுள்ள மீனவர் சங்கத்தின் தலைவர். தலைவர் வீட்டுச் சொதியில் உப்பில்லை என்றால் அது ஒரு பொதுப்பிரச்சினைதான். சுகந்தி உப்புப் போத்தலை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பவும் கப்பலில் ஏறிவிடுவாள்.

நாளடைவில் அவள் வில்லன்கள் விஷயத்தில் ஒரு பெரிய ஆளாகிவிட்டாள். கப்பல் சண்டையோடு நிற்காமல் வேறு கேம்களையும் இறக்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பூமியைப் பிடிக்க ஒரு கூட்டம் வானத்திலிருந்து வரும். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒருவன் தன் ஆட்களோடு முறுகிக்கொண்டு நிற்பான். அந்த முறுகல்காரர்களைத்தான் சுகந்திக்குப் பிடித்தது. நண்டு கழட்டும்போது பக்கத்தில் இருக்கும் பெண்களுக்கு அவர்களைப் பற்றி வகுப்பே எடுப்பாள். சிலர் கதிரைக்கு ஆசைப்பட்டு ராசாவை எதிர்ப்பவர்கள். அவர்களைத் தேர்தல் காலத்தில் வேண்டிய மட்டும் பார்க்கலாம், அதற்கு ஒரு கேம் தேவையில்லை. சிலர் கடைசிக் கட்டத்தில் மனம் திருந்தி, கண்ணீர் விட்டு, மனிதர்களுக்காகச் செத்துப்போவார்கள். அவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. "திருந்திப்போனவனை வைச்சு என்ன செய்யிறது? ஞானஸ்நானம் குடுக்கிறதே?" என்று கேட்பாள்.

அவளுடைய ஆள் வெல்காத். கப்பல் சண்டையில் வரும் கொர்வா என்ற கூட்டத்தின் தளபதி, நான்கு கை, நாவல்பழ நிறம், சிரிப்பே கிடையாது. முழுக்க முழுக்கக் கடலாகவே கிடந்த ஒரு கிரகத்தை அவன் அடித்துப் பிடிக்கிறான். அதில் அவன் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. பிடித்த பிறகு கொர்வாக்களின் பேரரசி, அந்தக் கடலை வற்றவைத்து அடியில் உள்ள உலோகத்தைத் தோண்டச் சொல்கிறாள். வெல்காத் மாட்டேன் என்கிறான். இரக்கத்தால் இல்லை. 'இது நான் பிடித்த கடல். இதை வற்றவைக்க நீ யார்?' என்பதுதான் அவன் வாதம். அன்றிலிருந்து பின்னால் அவனுடைய ஆட்கள் துரத்துகிறார்கள், முன்னால் மனிதர்கள் சுடுகிறார்கள். அவன் இரண்டு பக்கத்தையும் ஏசிக்கொண்டு நடுவில் நின்று சண்டை பிடிக்கிறான்.

மச்சாள் இந்தக் கதையை மொழிபெயர்த்து முடித்த அன்று சுகந்தி, "அண்ணையைப் போல இருக்கு" என்றாள். அப்போது அது வெறும் பகிடி. அடுத்த வருஷம் பகிடியாக இருக்கவில்லை.

இராசநாயகம் கரையில் பெரிய தொழிலாளி, அதைவிடப் பெரிய வாய்க்காரர். சட்டம் தடுத்திருந்த தங்கூசி வலையை அந்தக் கரைக்கு முதன்முதல் கொண்டுவந்ததே அவர்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை. மீனும் நண்டும் கொள்ளையாகப் படும். எல்லாருக்கும் கட்டவும் போடவும் காட்டிக்கொடுத்து, மறுத்தவர்களைப் பேயன்கள் என்று ஏசினவரும் அவர்தான். அந்த வலை பார்க்கல்லில் மாட்டி அறுந்தால் கடலுக்கடியில் கிடந்து, எடுக்க ஆளில்லாமல் தன்பாட்டில் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு துண்டு ஒருநாள் அவருடைய நங்கூரத்தில் கொழுவிக்கொண்டு மேலே வந்தது. அது முழுக்கச் சினை நண்டு, அழுகி, கோதாகிப்போய். இராசநாயகம் வள்ளத்தை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து தன் வலையைக் கரையில் போட்டுக் கொளுத்தினார்.

அதோடு விட்டிருந்தால் மனிதனைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். சங்கக் கூட்டத்தில் எழும்பினார். "நான் கொண்டந்த சனியனை நான் எரிச்சிட்டன். மூளை எண்டு ஒண்டு இருந்தால் நீங்களும் எரியுங்கோ. இல்லையெண்டால் நான் போய்ச் சொல்லுவன்" என்றார். ஒருவரும் எரிக்கவில்லை. அவர் போய்ச் சொன்னார். கடற்றொழில் உத்தியோகத்தர்கள் வந்து வலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் சுகந்தியின் புருஷன் ஜெனிஸ்ரன் புதிதாக வாங்கிப் போட்டிருந்த வலையும் ஒன்று.

சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. கரையில் இராசநாயகத்தோடு ஒருவரும் பேசுவதில்லை. அவருடைய வள்ளத்துக்கு ஒருவரும் கை கொடுப்பதில்லை. இந்த இரண்டாவதுதான் பெரிய இடி. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு: வள்ளம் கரை தட்டினால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் ஓடிப்போய்ப் பிடித்து இழுப்பார்கள். யாருடைய வள்ளம் என்று பார்ப்பதில்லை. நேற்று வள்ளக்காரனோடு அடிபட்டவனும் வருவான். இழுத்துவிட்டு, கையைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவான். அந்தக் கை நின்றுபோனதால் இராசநாயகம் வள்ளத்தைக் கரையேற்ற முடியாமல் தண்ணீரிலேயே நங்கூரம் போட்டு விட்டுவைத்தார். கோடைக்கு அது போதும். மாரிக்கு என்ன செய்வது என்பதை அவரும் சொல்லவில்லை, அவரிடம் கேட்கவும் ஆளில்லை.

சுகந்திக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன்மேல் கோபமும் இருந்தது. அந்த வலைக்காக அவர்கள் எத்தனை நாள் வாயைக் கட்டினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் தனியே இருக்கும் அண்ணனை நினைத்தாலே அந்தக் கோபம் கரைந்துவிடும். அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அந்த வீட்டுக்குப் போனில் கோல் எடுப்பதில்லை என்று ஜெனிஸ்ரன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தலைவர் பெண்சாதியே மீறினால் தலைவரின் கதி என்ன?

மச்சாள்தான் மறுபடியும் வழி காட்டினாள். ஒரு பின்னேரம் சுகந்தி தனியே கேமைத் திறந்தபோது காதுக்குள் அவளுடைய குரல் வந்தது. "சுகந்தி, இது கோல் இல்லை. இது கேம்."

"தீர்மானத்தில கேமைப்பற்றி ஒண்டும் இல்லைத்தானே மச்சாள்?"

"ஒரு சொல்லும் இல்லை."

சங்கத்தில் இத்தனை மூளைசாலிகள் இருந்து ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஜெனிஸ்ரன் முன்கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டே அவள் பேசியதை எல்லாம் கேட்டார். கேட்கவில்லை என்ற மாதிரி ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

ஒரு கிழமைக்குள் அந்தப் பக்கம் மச்சாளின் குரலுக்குப் பதிலாக ஒரு செருமல் கேட்டது. "எடி சுகந்தி, நான் எங்க நிக்கிறன்?"

அண்ணனின் குரல். சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது, திரை தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தாள். "அண்ணை, நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். திரும்புங்கோ."

"எதாலை திரும்புறது?"

இராசநாயகத்தைப்போல மோசமான சிப்பாயை அந்தக் கேம் கண்டிருக்காது. எதிரியை விட்டுவிட்டுத் தங்கச்சியைச் சுடுவார். சுட்டுவிட்டு, "நீ ஏன் குறுக்க வந்தனி?" என்று ஏசுவார். ஒருநாள் கொர்வாக்களின் கப்பலொன்று அடிபட்டுச் சேற்றில் விழுந்தது. நாலாபக்கமும் வெடி. அண்ணனின் சிப்பாய் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே போய் அந்தக் கப்பலைத் தள்ளத் தொடங்கினான்.

"அண்ணை! அது எதிரியின்ர கப்பல்!"

"தெரியுமடி. கரை தட்டிப்போய்க் கிடக்கு. முதல்ல தள்ளிவிடுவம், பிறகு சுடுவம்." சொல்லி முடிக்கமுதல் கப்பலுக்குள் இருந்தவன் அவரைச் சுட்டுவிட்டான். "நன்றி கெட்ட நாய்" என்றார் இராசநாயகம். சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேப்பருக்குப் பின்னாலும் ஏதோ குலுங்கியது.

கார்த்திகை பிறந்தபோது அவர்கள் வெல்காத்தின் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெல்காத்தின் கப்பல் மணலில் புதைந்து கிடக்கிறது. வானத்திலிருந்து அவனுடைய ஆட்கள் குண்டு போடுகிறார்கள். விளையாடுகிறவர்கள் ஒன்றில் அவனைச் சுடலாம், இல்லையென்றால் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று கப்பலைத் தள்ளிவிடலாம். இரண்டு பேரும் ஒத்துவந்தால்தான் எதுவும் நடக்கும்.

"தள்ளுவம் அண்ணை" என்றாள் சுகந்தி.

"சுடு" என்றார் இராசநாயகம்.

அவள் திகைத்துப்போனாள். "ஏன்? அவன் சொன்னது சரிதானே? கடலை வத்தவிடக்கூடாது எண்டுதானே சொன்னவன்?"

"சரியைச் சொன்னால் என்ன? சொந்தச் சனத்துக்கு எதிரா நிண்டவனுக்கு ஆர் கை குடுப்பினம்? ஒருத்தரும் குடாயினம். அதுதான் உலகம். கேமிலயும் அப்பிடியே இருக்கட்டும், சுடு."

"உங்களுக்குக் கை குடுக்க ஆள் வேணும் எண்டு நீங்கள் வாய் திறந்து கேட்டனீங்களே அண்ணை?"

அவருடைய சிப்பாய் திரையிலிருந்து மறைந்துபோனான். போனை அணைத்துவிட்டார். சுகந்தி வெல்காத்தைச் சுடவும் இல்லை, கப்பலைத் தள்ளவும் இல்லை. அவன் தன் நாலு கையையும் கட்டிக்கொண்டு மணலில் நின்றான். அன்றிரவு சொதியில் உப்பு அளவாக இருந்தும் ஜெனிஸ்ரன் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாளில் வானொலியில் தாழமுக்கம் என்றார்கள். புயலாகலாம், கடலுக்குப் போகவேண்டாம், வள்ளங்களைக் கரையேற்றுங்கள் என்றார்கள். காலையிலிருந்து கரையில் ஒரே ஆரவாரம். பனங்குற்றிகளைப் போட்டு ஒவ்வொரு வள்ளமாக உருட்டி மேட்டுக்கு ஏற்றினார்கள். மதியத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டன, ஒன்றைத் தவிர. இராசநாயகத்தின் வள்ளம் தண்ணீரில் நின்று குதித்துக்கொண்டிருந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தார். கரையில் மச்சாள் மழையில் நனைந்தபடி மற்ற நுனியை இழுத்தாள். முன்பள்ளிப் பிள்ளைகளைத் தூக்குகிற கைக்கு வள்ளம் அசையுமா? இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்று அதைத் தூக்கிக் கல்லில் அடிக்கப்போகிறது என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் அத்தனை பேரும் வலை வைக்கிற கொட்டிலான வாடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆனால் காலும் அசையவில்லை.

நண்டுப் பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த சுகந்தி எழும்பினாள்.

"சுகந்தி, நில்லும். தீர்மானம் தீர்மானம்தான்" என்றார் ஜெனிஸ்ரன். அது அவ்வளவு உரத்த குரலாக இல்லை.

"ஆரின்ர தீர்மானம்? சங்கத்தின்ரை. சங்கத்தில ஒரு பொம்பிளையாவது இருக்கிறாளோ? சேர்க்கச் சொல்லி நாங்கள் கேட்டநேரம் நீங்கள் என்ன சொன்னனீங்கள்? நண்டு கழட்டிறவைக்கு ஏன் சங்கம் எண்டு கேட்டனீங்கள். அப்ப எங்களுக்கு ஏன் தீர்மானம்?"

சுகந்தி வாடிப் பக்கம் திரும்பினாள். "என்ர அண்ணை நல்லவர் எண்டு நான் சொல்லவரேல்லை. திமிர் பிடிச்ச மனிசன். வாயைத் திறந்தால் ஊத்தை. எங்கட வலையைப் பறிகுடுக்க வைச்சவர், அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். ஆனால் வள்ளம் என்ன செய்தது? வள்ளத்தை இழுத்துப்போட்டு அவரை ஏசுங்கோ. நானும் வந்து சேர்ந்து ஏசுறன்."

சட்டைக்கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். பின்னால் நண்டு கழட்டும் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வகுப்புக் கேட்டவர்கள் அல்லவா? ஒருத்தி போகிற போக்கில், "இதென்ன, வெல்காத்தின்ர கப்பலே?" என்றாள். கயிறு இறுகியது. வள்ளம் அசைந்து, முகப்பு மணலில் ஏறி, அங்கேயே குத்திக்கொண்டு நின்றது.

மனிதன் நன்றி சொல்லுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அவர்களுக்கு இராசநாயகத்தைத் தெரியாது. "உப்பிடியே இழுக்கிறது? குற்றியைப் போடுங்கோடி! பின்னுக்கு ஆர், கும்பிட்டுக்கொண்டோ நிக்கிறியள்?" என்று கத்தினார்.

வாடிக்குள் ஒருவன் சிரித்துவிட்டான். ஜெனிஸ்ரனால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வள்ளத்தைப் பிழையாக இழுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அந்தக் கரையில் பிறந்த ஒருவராலும் ஏலாத காரியம். பனங்குற்றி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடியில் போட்டார். பிறகு இடது பக்கத்தில் தோளைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒரே மூச்சில் வள்ளம் மேட்டில் ஏறியது. ஜெனிஸ்ரன் கையைத் தட்டிவிட்டு, மச்சானின் முகத்தைப் பார்க்காமல், ஒரு சொல்லும் சொல்லாமல் வாடிக்குப் போனார். இராசநாயகமும் ஒன்றும் சொல்லவில்லை. தீர்மானத்தின் முதல் பாதியையாவது இருவரும் மீறவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அன்று பின்னேரமே காற்று திசை மாறி, புயல் வேறெங்கோ போய்விட்டது. விட்டுவிட்டு மழை மட்டும் பெய்தது. கரண்ட் வந்ததும் சுகந்தி போனைச் சார்ஜில் போட்டபடி கேமைத் திறந்தாள். வெல்காத் அதே மணலில் அப்படியே நின்றான். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் சிப்பாயும் வந்து சேர்ந்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். செருமல் கேட்டது.

ஜெனிஸ்ரன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "உதை இஞ்ச தாரும்" என்றார்.

அவள் போனைக் கொடுத்தாள். அவர் இயர்போனைக் காதில் மாட்டத் தெரியாமல் மாட்டினார். ஒன்றை அவள் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"எடி சுகந்தி, சுடப்போறியோ, தள்ளப்போறியோ?" என்றது அண்ணனின் குரல். "நீ சொல்லு. நான் செய்யிறன்."

ஜெனிஸ்ரன் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "தள்ளுவம் மச்சான்."

மழைச் சத்தம் இரண்டு காதுக்குள்ளும் கேட்டது, ஒன்று இந்தக் கூரையில், மற்றது அந்தக் கூரையில்.

"ஆர், ஜெனிஸ்ரனோ?"

"ஓம். நான்தான்."

அண்ணனின் சிப்பாய் சுவரிலிருந்து மெல்லத் திரும்பினான். தட்டித்தடவி, கப்பலில் ஒருமுறை முட்டி, வலது பக்கத்தில் போய் நின்றான்.

"அப்ப," என்றார் இராசநாயகம், "இடப்பக்கம் நீர் பிடியும்."

எந்த இடத்தை அழுத்துவதென்று தெரியாமல் நின்ற ஜெனிஸ்ரனின் பெருவிரலைச் சுகந்தி பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.